சன்னோமியாவில் பன்னிரண்டு சதுர மீட்டர்: கோபே பிசினஸ் ஹோட்டல் அனுபவங்கள்

ஜப்பானின் கோபே நகரில் பிசினஸ் ஹோட்டல் (சிறிய அறைகள் கொண்ட சிக்கன ஹோட்டல்) புக் செய்யும்போது ‘ஸ்டேஷனுக்கு எதிரே’ என்று போட்டிருந்தால், எந்த ஸ்டேஷன் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஷின்கான்சென் (புல்லட் ரயில்) நிற்பது ஷின்-கோபேயில், மலையடிவாரத்தில். கோபே என்ற பெயரிலேயே உள்ள ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஸ்டேஷன் இருப்பது துறைமுகக் கரையிலுள்ள ஹார்பர்லேண்ட் பக்கம். ஊரின் நடுமையம் இரண்டுமில்லை, சன்னோமியாதான். ஷின்-கோபேயிலிருந்து அங்கே சப்வேயில் ஒரே நிறுத்தம். ஜேஆர் கோபேயிலிருந்து இரண்டாவது நிறுத்தம். ஷின்-கோபேயிலிருந்து நடந்தும் வரலாம், இருபது இருபத்தைந்து நிமிஷம் இறக்கம். ஊருக்குத் திரும்பும் நாளில் அதே தூரம் பெட்டியோடு ஏற்றம் என்பது புக் செய்யும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

போர்ட் ஐலண்டும் ரொக்கோ ஐலண்டும் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுகள். அதே காசுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் பெரிய அறை கிடைக்கும். ஆனால் போர்ட் ஐலண்டுக்கு ஓடும் ரயிலான போர்ட் லைனர் நள்ளிரவோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு டாக்ஸிதான். கோபே விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கும் சன்னோமியா வசதி: போர்ட் லைனரில் பதினெட்டு நிமிஷம், மாறி ஏற வேண்டியதில்லை.

இந்த ஊரில் திசை கேட்டால் வடக்கு தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். ‘யாமகாவா’ என்றால் மலைப்பக்கம், அது வடக்கு. ‘உமிகாவா’ என்றால் கடல்பக்கம், தெற்கு. ரிசப்ஷனில் வழி கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். தலையைத் தூக்கி மலை எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சத்தம்: சன்னோமியாவில் ஜேஆர், ஹன்க்யூ ரயில்கள் பக்கத்துப் பக்கத்து மேம்பாலத்தில் ஓடுகின்றன, ஹான்ஷின் ரயில் மட்டும் தரைக்குக் கீழே. மேம்பாலத்தைப் பார்த்த அறையில் மூன்றாவது நான்காவது மாடிதான் மோசம், தண்டவாளம் காதுக்கு நேராக இருக்கும். ஸ்டேஷனுக்கு மலைப்பக்கம் ஹிகாஷிமோன் தெரு முழுக்க மதுக்கடைகள். வெள்ளி, சனி இரவில் விடிய விடிய ஆள் நடமாட்டம். ‘சென்ரோ நோ ஹன்தாய்-காவா’ (தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம்) என்று புக்கிங் குறிப்பில் எழுதுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனால் காலி இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள்.

விலை சனிக்கிழமை ஏறி ஞாயிறு இரவு இறங்கும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் கோஷியென் மைதானத்தில் பள்ளிக்கூடப் பேஸ்பால் போட்டி நடக்கிறது. மைதானம் ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவில், நிஷினோமியாவில். அந்த வாரங்களில் சன்னோமியா மலிவு அறைகள் முதலில் நிரம்பிவிடும்.

*

இடத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நம்மவர்கள் புலம்பலில் பாதி இடத்தால் வருவதில்லை. புக்கிங் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டதால் வருவது.

செமி டபுள். 120 சென்டிமீட்டர், அதாவது நாலடிக் கட்டில். இரண்டு பேருக்கு என்றே விற்பார்கள், அது பொய்யுமில்லை. இரண்டு பேரும் இரவு முழுக்க ஒருக்களித்துப் படுக்க வேண்டும். டபுள் 140. கணவன் மனைவி நிம்மதியாகத் தூங்க ட்வின் எடுங்கள், இரண்டு தனிக் கட்டில். அறை மொத்தமே 11, 12, 13 சதுர மீட்டர்தான், அதுவும் குளியலறையைச் சேர்த்து. 28 அங்குலப் பெட்டியைத் தரையில் விரித்தால் கதவு வரை நடக்க வழி இராது. கட்டிலுக்கு அடியில் பெட்டி போகும் அளவு இடம் விட்டிருப்பார்கள். துணியை எடுத்துவிட்டு உள்ளே தள்ளிவிடுவதுதான் வழி.

‘கின்என்’ புகை கூடாத அறை, ‘கிட்சுஎன்’ புகை பிடிக்கும் அறை. மிக மலிவாகத் தெரிவது பல நேரம் இரண்டாவது வகைதான். வாசனை நீக்கி தெளித்துத் தருவார்கள். திரைச்சீலையில் ஏறிய நாற்றம் அதற்கு அசையாது.

ஏசி. பழைய கட்டடங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே குழாயில் குளிர்நீரோ சுடுநீரோ ஓடும். கோடையில் குளிர், குளிர்காலத்தில் சூடு; எப்போது மாற்றுவது என்பது ஹோட்டல் முடிவு. அறையில் உள்ள குமிழ் காற்றின் வேகத்தை மட்டும் மாற்றும். ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் வெளியே வெயில், உள்ளே புழுக்கம், குமிழை எவ்வளவு திருகினாலும் குளிராது. பழுது என்று சண்டை போட்டுப் பயனில்லை. ஜன்னலும் ஒரு சாண்தான் திறக்கும். ஃபேன் கேட்டால் கொடுப்பார்கள். புக் செய்யும்போதே ‘கோபெட்சு கூச்சோ’ (தனி ஏசி) என்று இருக்கிறதா பாருங்கள்.

கதவருகே உள்ள சொருகியில் சாவி அட்டையைப் போட்டால்தான் விளக்கும் ஏசியும் வரும். எடுத்தால் சில நொடியில் எல்லாம் அணையும், சில இடங்களில் பிளக் பாயின்ட்டும் சேர்ந்து. வெளியே போகும்போது லேப்டாப் சார்ஜாகட்டும் என்று விட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்து ஏமாறுவது இதனால்தான்.

மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள். போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருக்கும், அடாப்டர் போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் ரைஸ் குக்கரைச் சொருகினால் எரியாது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது. அரிசி ஊறும், வேகாது. ஜப்பானில் வாங்கிய குக்கராக இருந்தாலும் அறையில் சமைக்க அனுமதியில்லை. ஒரு சுற்று பெரும்பாலும் 15 ஆம்பியர், அதாவது 1500 வாட். கெட்டிலும் ஹேர் ட்ரையரும் சேர்ந்தாலே அதைத் தாண்டி பிரேக்கர் விழும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்று.

ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று புகார் சொல்லும் முன் உள்ளே அல்லது பின்னால் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஆள் இல்லாத அறையில் அணைத்தே வைப்பார்கள். சத்தமில்லாத சிறிய வகையில் கம்ப்ரசர் கிடையாது. தண்ணீர் சில்லென்று ஆகவே பல மணி நேரம் பிடிக்கும். தயிர் தாங்கும், ஐஸ்க்ரீம் தாங்காது.

*

குளியலறையைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. குளியல் தொட்டி, வாஷ்பேசின், டாய்லெட் மூன்றும் ஒரே வார்ப்புப் பெட்டிக்குள் அடக்கமாக இருப்பதுதான் யூனிட் பாத். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குள் ஹோட்டல் நியூ ஒட்டானியின் ஆயிரத்துச் சொச்சம் அறைகளை முடிக்க வேண்டியிருந்தபோது, டோட்டோ நிறுவனம் அதற்காக உருவாக்கியது. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அறையில் பூட்டுவார்கள். குழாய்கள் அடியில் போவதால்தான் வாசலில் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. இரவில் தூக்கக் கலக்கத்தில் அந்தப் படியில் கால் இடறாதவர் குறைவு.

பேசினுக்கும் தொட்டிக்கும் சேர்த்து நடுவில் ஒரே குழாய், திருப்பிக்கொள்ளலாம். இடது குமிழ் வெப்பம். 40 என்ற இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தடுக்கும், அதை அழுத்தினால்தான் மேலே போகும். வலது குமிழை ஒரு பக்கம் திருப்பினால் குழாய், மறு பக்கம் திருப்பினால் ஷவர். பல் தேய்க்கக் குனிந்து அவசரமாகத் திருப்பினால் தலையில் கொட்டும். முதலில் வலது குமிழ் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள்.

நம் பழக்கத்தில் தொட்டிக்கு வெளியே நின்று மொண்டு ஊற்றக் கூடாது. தரையில் வடிகால் சிறியது, வாசல் வரம்பும் தாழ்வு. தண்ணீர் அறைக் கம்பளத்துக்குப் போய்விடும், டாய்லெட் பேப்பரும் நனைந்து வீணாகும். தொட்டிக்குள் நின்று, திரைச்சீலையின் கீழ் ஓரத்தைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு ஷவரில் குளிக்க வேண்டும். குளிக்கும்போது கதவைச் சாத்துங்கள். ஆவி வெளியே வந்து கூரையில் உள்ள தீ உணரியைத் தொட்டால் மணி அடித்துவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாவற்றுக்கும் இதே கதி.

பொதுக் குளியல் இருந்தால் அதுவே மேல். அறையிலிருந்து துண்டு இரண்டையும் எடுத்துப் போங்கள், அங்கே இராது. முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். சிறிய துண்டு தண்ணீரில் படக் கூடாது. சில இடங்களில் ஒரே குளியலறையை ஆண்களுக்கும் பெண்களுக்கும் மணிக் கணக்கில் பிரித்துத் தருவார்கள், வாசல் பலகையைப் பார்த்துப் போங்கள். நிஜ வெந்நீர் ஊற்று என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு வழக்கமாக 150 யென் தனி வரி பில்லில் வரும், ஏமாற்று இல்லை. ஹோட்டல் தரும் அங்கியான யுகாதாவை இடது பக்கம் மேலே வருமாறு கட்டுங்கள். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. லாபியில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

*

சைவக்காரர்களுக்கு. ‘காலை உணவு இலவசம்’ என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மிசோ சூப்பில் காய்ந்த மீன் சாறு (தாஷி) உண்டு. வேகவைத்த காய், முட்டைச் சுருள், நத்தோவோடு (புளிக்கவைத்த சோயா) வரும் சிறு சாஸ் பாக்கெட், இவற்றிலும் அதுவே. மிஞ்சுவது வெறும் சோறு, ரொட்டி, வெண்ணெய், உப்பு போட்ட சாலட், பழம். ஊறுகாய்ப் பொட்டலம் கையில் இருந்தால் அந்தச் சோறு விருந்து.

கடையில் 200 கிராம் பாக்கெட் சோறு கிடைக்கும். மூடியைச் சற்றே பிரித்து 500 வாட் மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம். மைக்ரோவேவ் அறையில் இராது, பெரும்பாலும் பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பார் பொட்டலம் அலுமினியம் பூசியது, அப்படியே வைத்தால் பொறி பறக்கும். கிண்ணத்தில் கொட்டி வையுங்கள். கெட்டிலில் பாலும் நூடுல்ஸும் காய்ச்சுவது வேண்டாம், அடுத்து வருபவர் அதில் தண்ணீர் கொதிக்கவைப்பார். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். மாலுமிகளிடம் கோபே தண்ணீருக்குப் பழைய பெயர் உண்டு, பூமத்திய ரேகை தாண்டியும் கெடாது என்பார்கள். ஊருக்குக் குடிநீர் தேக்க 1900-இல் கட்டி முடித்த நுனோபிகி அணை ஷின்-கோபே ஸ்டேஷனுக்குப் பின்னால்தான்.

சூடாக நம் சாப்பாடு வேண்டுமென்றால் சன்னோமியாவுக்கு மலைப்பக்கமுள்ள கிடானோ பக்கம் ஏறுங்கள். முத்து வியாபாரத்துக்கு வந்த குஜராத்தி ஜைனர்கள் 1985-இல் எழுப்பிய பளிங்குக் கோயில் அங்கே இருக்கிறது. 1935-இல் கட்டிய மசூதியும் சற்றுக் கீழே. இந்த வட்டாரத்தில் இந்திய உணவகம், ஹலால் கடை, மசாலா எல்லாம் உண்டு.

குழந்தைகள் ‘சோய்நே’ முறையில் பெற்றோர் கட்டிலிலேயே இலவசமாகப் படுக்கலாம், ஆனால் வயது வரம்பும் கட்டிலுக்கு ஒரு குழந்தை என்ற கணக்கும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். எண்ணிக்கையை மறைத்து புக் செய்தால் ரிசப்ஷனில் நிறுத்திவிடுவார்கள்.

*

அலுவலகக் கணக்குக்குத் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புக்கிங் தளத்திலேயே கார்டில் கட்டிவிட்டால் ஹோட்டல் ரசீது தராது, பணம் வாங்கியது அவர்கள் இல்லையே. தளத்தில்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். ‘ஹோட்டலில் செலுத்து’ என்று எடுத்தால் கம்பெனி பெயர் போட்டு ‘ர்யோஷூஷோ’ (ரசீது) கேட்கலாம். ஜப்பான் கம்பெனி என்றால், 2023 அக்டோபர் முதல் வந்த முறைப்படி ‘T’ எழுத்தும் பதின்மூன்று இலக்கமும் உள்ள பதிவு எண் அதில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும்.

பாஸ்போர்ட்டை நகலெடுப்பது ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவருக்கு மட்டும். இங்கேயே குடியிருப்பவர்கள் தங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தால் சட்டப்படி போதும்.

தாமதமாக வருவதென்றால் போன் செய்து சொல்லுங்கள். நள்ளிரவு தாண்டினால் வரவில்லை என்று எழுதி, முழுக் கட்டணமும் பிடிப்பார்கள்.

*

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கட்டிலின் தலைமாட்டிலோ மேசைக்கடியிலோ சுவரில் ஒரு சிறு டார்ச் மாட்டியிருக்கும். சுவிட்ச் கிடையாது, தாங்கியிலிருந்து இழுத்தால் தானே எரியும், திரும்பச் சொருகினால் அணையும். 1995 ஜனவரி 17, விடியற்காலை 5:46-க்கு நிலநடுக்கத்தில் இந்த ஊர் குலுங்கியபோது இருட்டு. அறைக்குள் நுழைந்ததும் அது எங்கே என்று பார்த்து வையுங்கள். அதிர்ந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள். நிலைச்சட்டம் கோணிக் கதவு இறுகிக்கொள்ளும் முன் அதைத் திறந்து வையுங்கள். லிஃப்ட் தானே பக்கத்து மாடியில் நின்றுவிடும், ஆள் வந்து சோதிக்கும் வரை ஓடாது. படிக்கட்டு எந்தப் பக்கம் என்பது கதவின் உள்பக்க வரைபடத்தில் இருக்கும்.

ஷிகோகு தீவிலுள்ள தகாமாட்சு போகிறவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் கப்பலைப் பிடித்தால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம். காலி செய்தபின் அன்று சாயங்காலம் வரை பெட்டியை ரிசப்ஷனில் சும்மாவே வைத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு எடுக்க வருவீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் வாசலைப் பூட்டும் ஹோட்டலும் உண்டு, வெளியே நின்று மணி அடிக்க வேண்டிவரும்.