நாய் ஓயாமல் நக்குகிறது, என்ன களிம்பு போடலாம்?

வாண்டுவீடு: அவசரம். எங்கள் பையன் நாலு நாளாக நக்கிக்கொண்டே இருக்கிறான், ராத்திரி முழுக்க சளக் சளக் என்று சத்தம், வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. தோல் சிவந்து முடியும் கொட்டுகிறது. கையில் காலமைன் இருக்கிறது, தடவலாமா?

மழைக்காகம்: எங்கே நக்குகிறான்? பாதமா, வயிறா, வாலடியா? வயது? தெள்ளுக்கு மருந்து கடைசியாக எப்போது போட்டீர்கள்?

ஈரமூக்கு: கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சிக்கன்தான். எங்கள் நாய்க்கு நிறுத்தினோம், அரிப்பு போயே போச்சு.

பழைய_ஆள்: வாரம் மூன்று முறை இதே கேள்வி, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. காலமைனில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, நக்குகிற நாய் அதை விழுங்கும், துத்தநாகம் நாய்க்கு நஞ்சு. முதலில் வாலடியில் முடியை விலக்கிப் பாருங்கள். கறுப்புத் துகள் கிடந்தால் ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். இதெல்லாம் நாய் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காகம்: பதறி வந்தவரிடம் இப்படியா பேசுவது?

@ஈரமூக்கு, உணவு ஒவ்வாமையை அப்படிச் சொல்லிவிட முடியாது. இதுவரை தின்னாத ஒரே புரதத்தை 8 வாரமாவது கொடுத்து, அப்புறம் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சிக்கனை நிறுத்திய அதே வாரம்தானே தெள்ளு மருந்தும் போட்டீர்கள்? முன்பொரு முறை நீங்களே எழுதியிருந்தீர்கள்.

ஈரமூக்கு: அது தற்செயல்.

வாண்டுவீடு: வலது முன்கால் மட்டும், விரலிடுக்கில். 5 வயது. சொல்ல விட்டுப்போச்சு.

மழைக்காகம்: மட்டுமா! ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஒரு காலோடு நிற்காது, மற்ற பாதம், காது, அக்குள் என்று பரவலாக அரிக்கும். ஒரே பாதம் என்றால் முள், பிளந்த நகம், புல் விதை, மூட்டு வலி, இந்தப் பக்கம்தான் யோசிக்க வேண்டும். வீக்கமோ சின்ன ஓட்டையோ தெரிந்தால் தோண்டாதீர்கள். புல் விதையின் கூர் பின்னால் வராது, உள்ளேதான் ஏறும். நக்க முடியாதபடி கழுத்துக்குக் கூம்பு மாட்டி நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை நம் வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம்.

பஞ்சுப்பாதம்: கூம்பு பாவம், சுவரில் எல்லாம் இடித்துக்கொள்ளும். சாக்ஸ் போடுங்கள்.

பழைய_ஆள்: சாக்ஸ் ஈரமாகிப் புண் புழுங்கும். சில நாய் அதையே விழுங்கிவைக்கும்.

பஞ்சுப்பாதம்: என் நாய் 2 வருடமாகப் போடுகிறது, விழுங்கவில்லை.

பழைய_ஆள்: 2 வருடமாக ஏன் போட வேண்டியிருக்கிறது என்று யோசித்தீர்களா?

வாண்டுவீடு: புல் விதையேதான். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள், 10 நாள் கூம்பு. நேற்று தூங்கினோம். நன்றி.

ஈரமூக்கு: நல்லது. ஆனாலும் ஒரு மாதம் சிக்கனை நிறுத்திப் பாருங்களேன்.