52 பேருக்கு ஒரே மணல்குழி: உடற்கல்வி பீரியடை எப்படி நடத்துவது?

புதிய பி.இ.டி.:
உடற்கல்வி ஆசிரியராகப் பணியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எட்டாம் வகுப்பில் 52 பேர். நாற்பது நிமிட பீரியடில் வரிசை கட்டி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. மீதி அரை மணியில் நீளம் தாண்டுதல். ஒருவர் தாண்டி எழுந்து வர அரை நிமிடம். ஆளுக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது. மற்ற நேரமெல்லாம் வெயிலில் நின்று முன்னால் நிற்பவளின் பின்னலை இழுக்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பழைய விசில்:
தம்பி, முதலில் விசிலுக்கு நிற்கப் பழக்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 28 ஆண்டு மைதானத்தில் நின்றவன் சொல்கிறேன்.

கோகோக்காரி:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து வகுப்பறையில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகள் வெளியே வந்தும் நிற்க வேண்டுமா? நான் கோ-கோவுக்கு நான்கு சிறு களம் போடுவேன். கம்பத்துக்குப் பதில் செங்கல். களத்துக்குப் பதின்மூன்று பேர்: ஏழு பேர் துரத்த, மூன்று பேர் ஓட, மூன்று பேர் நடுவர். சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

பழைய விசில்:
நான்கு களம், ஆசிரியர் ஒருவர். ஒருத்தி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழும்போது நீங்கள் எந்தக் களத்தில் இருப்பீர்கள் அம்மா? குண்டு எறிதலையும் இப்படித்தான் நடத்துவீர்களா? எல்லோரும் எறிந்து முடித்து, விசில் கொடுத்த பிறகுதான் குண்டை எடுக்கப் போக வேண்டும். அங்கே பிள்ளையின் இஷ்டத்துக்கு இடமே கிடையாது.

கோகோக்காரி:
குண்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மஸ்கா மோஸ்டன் என்ற உடற்கல்வியாளர் 1966இல் உடற்கல்விக்கான கற்பித்தல் பாணிகளை வகுத்தபோது, கட்டளையிட்டு நடத்தும் பாணியையும் ஒதுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கயிறு உதாரணத்தையும் பாருங்கள். உயரம் தாண்டக் கயிற்றை மட்டமாகப் பிடித்து உயர்த்திக்கொண்டே போனால், தாண்ட முடியாதவர்கள் ஒவ்வொருவராக ஓரத்தில் உட்காருவார்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்கள்தான் முதலில் உட்காருவார்கள்! அதே கயிற்றை ஒரு முனை தாழ்ந்திருக்கும்படி சாய்த்துப் பிடித்தால், தன்னால் முடிந்த இடத்தைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளும்.

குறுவட்டம்:
சாய்ந்த கயிற்றில் பதக்கம் வருமா? தலைமையாசிரியர் கேட்பது அதைத்தானே.

கோகோக்காரி:
போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பேரை மாலையில் நிறுத்திப் பயிற்சி கொடுங்கள். பீரியட் மற்ற நாற்பது பேருடையது. அதையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிப் போகாமல் இருந்தால்.

பழைய விசில்:
இவ்வளவு பேசியதில் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் நூற்றுக்கு நூறு. தம்பி, கயிற்றைச் சாய்ப்பதானால் முனைகளை எதிலும் கட்டிவிடாதீர்கள். கால் தட்டினால் நழுவும்படி பிள்ளைகளே கையில் லேசாகப் பிடிக்கட்டும்.

புதிய பி.இ.டி.:
இன்று செய்து பார்த்தேன். போன வாரம் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண் ஏழு முறை தாண்டினாள். ஆனால் நன்றாகத் தாண்டக்கூடிய இரண்டு பையன்கள் தாழ்ந்த முனையிலேயே குதித்துக் கும்மாளம் போட்டார்கள். கேட்டால், “எங்கே வேண்டுமானாலும் தாண்டலாம் என்றீர்களே சார்” என்கிறார்கள். விசிலுக்கு இன்னும் பாதிப் பேர்தான் நிற்கிறார்கள்.

பழைய விசில்:
நாளைக்குக் கயிறு பிடிக்கும் வேலையை அந்த இரண்டு பேரிடம் கொடுங்கள்.