இதழியல் துறைக்கு உயில் வைப்பவர்கள் கவனத்துக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நாம் நெல்லையில் இதழியல் படிப்புக்கு உயிலில் ஒரு பெருந்தொகை எழுதி வைக்கலாமா என்று இங்கே நடக்கும் பேச்சு நல்ல பேச்சு. பாரதியும், தினமணியின் முதல் ஆசிரியர் தென்காசி டி. எஸ். சொக்கலிங்கமும், தினத்தந்தி தொடங்கிய காயாமொழி ஆதித்தனாரும் பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள்தானே. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் சறுக்குவது தாளில்தான். எதற்கு இந்தப் பணம் என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக நூலகத்தில் ஏறத்தாழ 50 வருஷம் நூற்பட்டியல் வேலை பார்த்தவர் ராபர்ட் மோரின். ஓட்டியது 1992 மாடல் பிளிமவுத் கார். 2015-இல் அவர் இறந்தபோது பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலர் வைத்திருந்தார். நூலகத்துக்கென்று குறித்திருந்ததோ 1 லட்சம் மட்டும். மற்றதற்கு நிபந்தனை கிடையாது. அதில் 10 லட்சத்தைக் கால்பந்து மைதானத்தின் ஸ்கோர் பலகைக்கு ஒதுக்கினார்கள். ஊரே கொதித்தது, ஆனாலும் சட்டப்படி குறை சொல்ல முடியவில்லை.

நம் பக்கம் பாலம் கல்யாணசுந்தரம் ஐயா இருக்கிறார். மேலக்கரிவேலங்குளத்துக்காரர், ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்தவர். சம்பளத்தை இருக்கும்போதே தர்மத்துக்குக் கொடுத்தார், 2023-இல் பத்மஸ்ரீ. அவர் வழியில் ஒரு பங்கை இப்போதே கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தொடர்பியல் துறைக்கு 2 லட்சம் கொடுத்து, அது எப்படிச் செலவாகிறது என்று இரண்டு வருஷம் கவனித்தால், மீதியை உயிலில் எப்படி எழுதுவது என்று தானாகத் தெரிந்துவிடும்.

உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும். உங்களைவிட இளையவர்களாக, கோர்ட்டில் கூப்பிட்டால் வந்து நிற்கக்கூடியவர்களாகப் பாருங்கள். துபாயில் அறைத்தோழர்களைச் சாட்சியாகப் போட்டால், பத்து வருஷம் கழித்து அவர்களை எங்கே தேடுவது? சுயார்ஜிதத்தை, அதாவது நீங்களே சம்பாதித்ததை மட்டும் எழுதுங்கள். பூர்வீக வயலைச் சேர்த்தால் பங்காளி வழக்கில் தொகை தொங்கிக்கொண்டே கிடக்கும். வங்கியில் நாமினி போட்டாயிற்று என்று உயிலை விடுபவர்கள் நிறைய. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமை வாரிசுக்கு. கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு எழுதினால் இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றிருந்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவை 2003-இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டாம்.

முக்கியமான வாசகம் இப்படி இருக்கட்டும்: "இத்தொகையை அசலாக வைத்து, வட்டியை இதழியல் மாணவரின் செய்திப் பயணம், பயிற்சிக்கால அறை வாடகை, மாணவர் இதழின் அச்சுச் செலவு ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கட்டடம், விழா, விளையாட்டு ஆகியவற்றுக்குக் கூடாது. துறை மூடப்பட்டாலோ பெயர் மாறினாலோ, இதழியல் கற்பிக்கும் அடுத்த துறைக்குச் சேர வேண்டும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், துறைப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். எழுதும்முன் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு வரைவை அனுப்பி, ஆட்சிக்குழு இந்த நிபந்தனைகளோடு ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1 கோடிக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருஷம் 7 லட்சம். முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற்றத்தில் அசலின் மதிப்பு கரைந்துவிடும். 2 லட்சத்தை அசலோடு சேர்த்து 5 லட்சத்தைச் செலவுக்கு வைக்கச் சொல்லுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். இந்தச் சில்லறையும் பஸ் காசும் கையில் இருந்தாலே, தாமிரபரணியில் எந்த இடத்தில் சாக்கடை கலக்கிறது என்று ஒரு பிள்ளை மாதக்கணக்கில் தொடர்ந்து எழுத முடியும். கேமரா வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பொறுப்பாளர் மாறினால் அது பீரோவுக்குள் போய்விடும். சாவி கிடைத்துத் திறக்கும்போது பேட்டரி உப்பியிருக்கும், லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கும். வாங்கியே தீர வேண்டுமென்றால் விலையில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் பராமரிப்புக்கு எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பணம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் வரும், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் சரி. பெறும் நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ விலக்கோ இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். பதிவு பெற்ற நிறுவனம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. மாணவர் என்ன செய்தி எழுதலாம் என்பதில் கொடையாளருக்கோ குடும்பத்துக்கோ சங்கத்துக்கோ எந்த உரிமையும் இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். நம் ஊர்க் குவாரியைப் பற்றி எழுதினாலும்தான்.

வரைவு தயாராக வைத்திருப்பவர்கள், பெயரையும் தொகையையும் அடித்துவிட்டு இங்கே போடுங்கள். வாசகங்களைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.