‘டைரக்ட் கொலாப்ஸ் பிளாக் ஹோல்’: நேரொடுங்கல் கருந்துளை?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘டைரக்ட் கொலாப்ஸ் பிளாக் ஹோல்’ என்பதற்குத் தமிழில் ‘நேரொடுங்கல் கருந்துளை’ என்று நான் சொன்ன பெயர் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இது என் பதில்.

> ‘ஆதிக் கருந்துளை’ என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் அந்தப் பெயர் வேறொன்றுக்கு வேண்டும். பெருவெடிப்புக்குப் பிறகு, அணுக்களே உருவாகாத நேரத்தில் பிறந்திருக்கலாம் என்று 1971-இல் இயற்பியலாளர் ஹாக்கிங் எழுதிய சின்னஞ்சிறு கருந்துளைகளுக்குத்தான் ‘ஆதி’ பொருந்தும்.

நாம் பெயர் தேடுவது, அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்திருக்கக்கூடியதற்கு. வழக்கமாக வளிமுகில் ஹைட்ரஜன் மூலக்கூறுகளால் குளிரும். குளிர்ந்தால் துண்டு துண்டாகி விண்மீன்களாகும். பக்கத்து விண்மீன் கூட்டத்தின் புற ஊதாக் கதிர் அந்த மூலக்கூறுகளை உடைத்துவிட்டால்? முகில் ஏறக்குறைய 8,000 கெல்வினிலேயே நிற்கும். துண்டாகாது. மொத்தமாக உள்ளே போகும். மிஞ்சுவது பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை. 2021-இல் அறிவித்த ஒரு குவேசாரின் (பொருளை விழுங்கிப் பேரொளி வீசும் விண்மீன் மண்டல மையம்) கருந்துளை, பெருவெடிப்புக்கு 67 கோடி ஆண்டுகளிலேயே 160 கோடி சூரிய நிறையோடு இருக்கிறது. செத்த விண்மீனின் மிச்சமான சிறு கருந்துளை அதற்குள் அவ்வளவு வளர்வது மிகக் கடினம். அதனால்தான் இந்தக் கருத்துக்கு இத்தனை மதிப்பு.

> விண்மீனிலாக் கருந்துளை?

அழகான சொல், ஆனால் பிழையாகிவிடும். பல கணக்கீடுகளில் நடுவே ஒரு பேருரு விண்மீன் கொஞ்ச காலம் வந்து போகிறது.

சரி, ‘கொலாப்ஸ்’. சரிவு என்றதும் எனக்கு மலைப்பாதை மண்சரிவுதான் கண்முன் வருகிறது. ஒரு பக்கமாக வழுக்கி இறங்குவது. ‘வீழ்ச்சி’ பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. ‘ஒடுங்கு’ என்பதைப் பாருங்கள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவருக்குக் கன்னம் ஒடுங்கிப் போகிறது. யாரும் வெளியிலிருந்து அழுத்தவில்லை; உள்ளே தாங்கிப் பிடித்தது போய்விட்டது. ஈர்ப்பில் நடப்பதும் அதுவே.

> ஒடுக்கம் வேதியியலில் ஏற்கெனவே இருக்கிறதே?

ஆமாம், தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்ச்சொல். (இலங்கையில் தாழ்த்தல்.) அதனால்தான் ‘ஒடுக்கம்’ வேண்டாம், ‘ஒடுங்கல்’ என்கிறேன். ஒடுக்கு பிறவினை, ஒடுங்கு தன்வினை. முகில் தன் எடையால் தானே ஒடுங்குகிறது. இலக்கணமே இயற்பியலைச் சொல்லிவிடுகிறது.

‘ஒடுங்கு கருந்துளை’ என்று வினைத்தொகையாக்க வேண்டாம். கருந்துளையே ஒடுங்குவதாகப் பொருள் வந்துவிடும், ஒடுங்குவது முகில். சந்திப்படி ‘நேரொடுங்கற் கருந்துளை’ என்று வர வேண்டும், ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்காக லகரத்தை அப்படியே விட்டிருக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் இதை ஏற்பீர்களா?

அன்புடன்