க்ரைம் காமெடி: ஸ்கிரிப்ட் ரீடிங்கில் எடுபட்ட காட்சி எடிட்டில் விழுகிறது. பேட்ச் ஒர்க்கில் எதைத் திருத்துவது?

முதல்வெட்டு:

சிறு பட்ஜெட்டில் சுயாதீனமாக எடுத்த க்ரைம் காமெடி. ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) 1 மணி 52 நிமிடம். படம் முழுக்க ஒரு காட்சியை நம்பி நிற்கிறது: ஆள் மாறிக் கடத்திவிட்ட நான்கு பேர், கடத்தப்பட்டவரைச் சமையலறை நாற்காலியில் கட்டிவைத்து, அவர் முன்னாலேயே அடுத்து என்ன செய்வது என்று சண்டை போடுகிறார்கள். ரீடிங்கில் வயிறு வலிக்கச் சிரித்த காட்சி. இப்போது 6 நிமிடம் 20 விநாடி ஓடுகிறது, ஒருவரும் சிரிப்பதில்லை.

எடுத்தது: ஒரே கேமரா, மாஸ்டர் (முழுக்காட்சியும் அகலமாகத் தெரியும் ஷாட்) 3 டேக், நால்வருக்கும் 85 எம்எம் லென்ஸில் தனித்தனி க்ளோசப். கடத்தப்பட்டவருக்கு ஒரே க்ளோசப், ஒரே டேக். சிங்க் சவுண்ட் (படப்பிடிப்பிலேயே பதிவுசெய்த ஒலி). கும்பல் தலைவராக நடிப்பவர் ஒவ்வொரு வசனம் முடிந்ததும் புருவத்தைத் தூக்கி ஒரு நொடி நிற்கிறார். மற்ற மூவரும் அவர் சுருதிக்கே ஏறிவிட்டார்கள். கடத்தப்பட்டவர் மட்டும் வாயைத் திறக்காமல் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். காட்சியில் நம்பும்படி இருப்பது அவர் ஒருவர்தான்.

பேட்ச் ஒர்க்குக்கு, அதாவது தேவையானதை மட்டும் திரும்ப எடுக்க, அதே இடமும் ஐந்து நடிகர்களும் 2 நாள் கிடைப்பார்கள். முழுக்காட்சியையும் திரும்ப எடுக்க வேண்டுமா? டப்பிங்கில் தலைவரின் தொனியை இறக்கினால் போதுமா?

மேசைவெட்டு:

கேமராவைத் தொடுவதற்கு முன் எடிட்டில் மூன்று நாள் செலவழியுங்கள். எதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

முதலில் டெம்ப் மியூசிக் (எடிட்டில் தற்காலிகமாகப் போட்ட இசை) இருந்தால் எடுத்துவிடுங்கள். ‘இது காமெடி’ என்று சொல்லும் துள்ளல் இசை, இடைவெளிகள் சரியில்லாததை மூடி மறைக்கும். இசையில்லாமல் நிற்காத காட்சி இசையோடும் நிற்காது.

அடுத்து, யாருடைய காட்சி இது என்று முடிவு செய்யுங்கள். பேசுகிறவர்கள் நான்கு பேர், ஆனால் விளைவு கட்டிப்போட்டிருப்பவர் தலையில்தான் விழுகிறது. அபத்தமான வசனம் வரும்போது அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு, பேசியவர் முகத்திலேயே நின்றால் வெறும் வசனம். அவருக்கு ஒரே க்ளோசப் என்றாலும் ரஷ்ஷை (எடுத்தபடியே இருக்கும் வெட்டாத பதிவை) முழுவதும் பாருங்கள். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னும் ‘கட்’ சொன்ன பின்னும் உள்ள விநாடிகளில், நடிக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் முகம் பல சமயம் கிடைக்கும். டேக்கில் கிடைப்பதைவிட அது நல்ல ரியாக்‌ஷன்.

தலைவரின் புருவத்தை வெட்டிவிட முடியும். வசனத்தின் கடைசிச் சொல் முடியும்வரை காத்திருக்காமல், அந்தச் சொல்லின் நடுவிலேயே படத்தைக் கேட்பவருக்கு மாற்றி, ஒலியை மட்டும் மேலே ஓடவிடுங்கள். புருவம் தூக்குவது திரைக்கு வராது. பிறகு கேட்பவர் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 8 ஃப்ரேமும் 20 ஃப்ரேமும் இரண்டு வேறு நகைச்சுவை. 8 என்றால் வாய்க்கு வாய் கவுண்டர், 20 என்றால் ‘இவன் நிஜமாகவே இதைச் சொன்னானா’ என்ற திகைப்பு. ஒரே இடைவெளியை எல்லா இடத்திலும் வைப்பதுதான் கெடுக்கும். பார்ப்பவர் தாளத்தைப் பிடித்துவிட்டால் அடுத்ததை முன்கூட்டியே எதிர்பார்ப்பார்.

நீளத்தையும் குறைக்க வேண்டும். ஒரே விஷயத்துக்கு மூன்று கவுண்டர் இருந்தால் ஒன்றை வையுங்கள், இரண்டைத் தூக்குங்கள். 4 நிமிடத்துக்குள் கொண்டுவர முயலுங்கள்.

சோதிப்பதற்கு, கதை தெரியாத 6 முதல் 8 பேரை உட்காரவைத்து முழுப்படத்தையும் ஓட்டுங்கள். அறையின் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, அந்தப் பதிவை டைம்லைனில் ஒரு டிராக்காகப் போடுங்கள். எந்த ஃப்ரேமில் சிரிப்பு, எங்கே நாற்காலி நகரும் சத்தம் என்று துல்லியமாகத் தெரியும். படம் முடிந்து ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் மரியாதைக்குத்தான் பதில் சொல்வார்கள், அந்தச் சத்தம் பொய் சொல்லாது.

ஒத்திகைக்கூடம்:

மேசைவெட்டு சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் நோய் நடிப்பில் இருக்கிறது. நால்வரும் சிரிக்க வைக்க நடிக்கிறார்கள், யாரும் மாட்டிக்கொள்ளப் பயப்படவில்லை. பயம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை, குற்றம் இல்லாவிட்டால் இந்தக் காட்சியில் சிரிப்பதற்கும் எதுவும் இல்லை.

1996இல் வந்த ‘ஃபார்கோ’வில் வில்லியம் எச். மேசியைப் பாருங்கள். மனைவியைக் கடத்த ஏற்பாடு செய்தவனே அவன்தான். மாமனாருக்குப் போன் செய்வதற்கு முன் பதறுகிற குரலைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது நமக்குக் கேட்கும். மேசி அங்கே வேடிக்கையாக எதுவும் செய்வதில்லை. ஒருவன் பொய்யை ஒழுங்காகச் சொல்லப் பாடுபடுகிறான், அவ்வளவுதான். ‘சூது கவ்வும்’ (2013) படத்திலும் அப்படித்தான். கடத்தலுக்கென்று விதிகள் வைத்திருக்கும் தாஸாக வரும் விஜய் சேதுபதி, அந்த விதிகளை ஒரு தொழில்காரனின் நிதானத்தோடு சொல்வார். அவர் கண்ணடித்துச் சொல்லியிருந்தால் அந்த விதிகளுக்கு மதிப்பே இருந்திருக்காது.

ஆகவே நடிகர்களிடம் ‘குறைச்சுப் பண்ணுங்க’ என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் சத்தம் குறையும், நோக்கம் மாறாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேவையைக் கொடுங்கள். விடிவதற்குள் பணம் வேண்டும் என்று ஒருவர். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக்கூடாது என்று ஒருவர். தவறு தன்மேல் விழக்கூடாது என்று ஒருவர். தலைவருக்கு, இந்த மூவரும் தன்னைத் தலைவனாக நினைப்பது நின்றுவிடக்கூடாது. பக்கத்து வீட்டுப் பயம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். நால்வரும் கோபத்தைக் கிசுகிசுப்பில் அடக்க வேண்டி வரும், புருவம் தூக்க நேரமிருக்காது.

கைக்கு வேலை கொடுங்கள். கயிற்று முடிச்சை மறுபடி இறுக்குவது, தேநீர் போடுவது, கடத்தப்பட்டவரின் பர்ஸில் உள்ளதை மேசையில் அடுக்குவது. கை ஒரு காரியத்தை முடிக்க வேண்டியிருந்தால் வசனம் தானாகவே சாதாரணமாக வரும்.

துப்பாக்கி இருந்தால் அதன் கனத்தைக் கவனியுங்கள். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். ரப்பர் டம்மியை விரலில் சுழற்றுவது போலப் பிடித்தால், அந்த நொடியிலேயே ஆபத்து போய்விடும்.

டேக் வரிசை: முதல் டேக் முழுக்கச் சீரியஸான நாடகமாக. இரண்டாவது, அதே நோக்கத்தோடு ஒன்றரை மடங்கு வேகத்தில். மூன்றாவதில் அவர்கள் விருப்பம். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் படத்தில் வைப்பீர்கள். இன்னொன்று, டேக் ஓடும்போது யூனிட்டில் யாரும் சிரிக்கக்கூடாது. ஒருமுறை சிரிப்பு விழுந்தால் நடிகர் அடுத்த டேக்கில் அதே இடத்தில் அதையே தேடுவார், கிடைக்காது.

பூம்கம்பு:

வேக டேக் யோசனை நல்லதுதான், ஒரு எச்சரிக்கை: வேகம் மாறிய டேக்கை மாறாத டேக்கோடு ஒட்ட முடியாது. ஒரு ஷாட்டில் வேகத்தை முடிவு செய்துவிட்டால் மற்ற எல்லா ஷாட்டையும் அதே வேகத்தில் எடுங்கள்.

முழுக்காட்சியையும் திரும்ப எடுக்கத் தேவையில்லை. உங்களிடம் இல்லாதவை இரண்டு: கடத்தப்பட்டவரின் ரியாக்‌ஷன்கள், இரண்டு மூன்று பேர் ஒரே ஃப்ரேமில் இருக்கும் ஷாட்கள். 85 எம்எம் க்ளோசப்பாகவே எடுத்ததால் ஒருவர் சொன்னது இன்னொருவரை எப்படித் தாக்குகிறது என்பதை வெட்டித்தான் காட்ட முடிகிறது. 32 அல்லது 35 எம்எம்மில், தலைவரும் பின்னால் நாற்காலியும் ஒரே ஷாட்டில் இருந்தால் வெட்டே வேண்டாம்.

முதல் நாள் காலை, எல்லோரும் சோர்வதற்கு முன், கடத்தப்பட்டவரை எடுங்கள். காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓட்டி, மற்ற நால்வரும் கேமராவுக்கு வெளியே நின்று முழுமையாக நடிக்கட்டும். உதவி இயக்குநர் வசனம் படித்தால் அந்த முகத்தில் எதுவும் வராது. மதியத்துக்குமேல் டூ ஷாட், த்ரீ ஷாட். இரண்டாம் நாள் தலைவரின் சஜஷன் ஷாட்கள் (எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலாக எடுப்பவை). ஒரு நாளுக்கு இரண்டாவது கேமரா கிடைத்தால் முதல் நாளைவிட இரண்டாம் நாளுக்கு வையுங்கள். எதிரெதிர் கோணத்தில் ஒரே நேரத்தில் எடுத்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசினாலும் வெட்டலாம். ஒளியமைப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரும், இந்தக் காட்சிக்கு அது தகும்.

ஒரே கேமரா என்றால் தனி க்ளோசப்பில் வசனங்கள் மோதக்கூடாது, மயிரிழை இடைவெளி வேண்டும். மோதலை எடிட்டர் உண்டாக்கிக்கொள்வார். டூ ஷாட்டில் தாராளமாக மோதட்டும், ஆனால் ஆளுக்கொரு லேப்பல் மைக்கும் (சட்டையில் மாட்டும் சிறிய மைக்) மேலே கம்பில் பிடிக்கும் பூம் மைக்கும் இருக்க வேண்டும்.

டப்பிங்: தொனியை இறக்க அதை நம்பாதீர்கள். திரையில் தாடையும் கழுத்தும் கத்திக்கொண்டிருக்க, குரல் மட்டும் அடங்கினால் உடனே தெரியும். முகம் தெரியாத இடங்களில் வரும் வசனங்களுக்கு மட்டும் உதவும். அவற்றையும் அதே சமையலறையில், அதே மைக்கில், ஷாட் முடிந்தவுடன் மூன்று முறை தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஆளில்லாத அறையின் ஆம்பியன்ஸையும் (யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலி) 60 விநாடி பதிவுசெய்யுங்கள், ஃப்ரிட்ஜ் அணைத்த நிலையில்.

கன்டினியூட்டிக்கு, அதாவது புதிய ஷாட் பழையதோடு பொருந்த, பழைய ரஷ்ஷிலிருந்து ஸ்டில் எடுத்து அச்சிட்டு ஸ்பாட்டில் ஒட்டுங்கள். பேட்ச் ஒர்க்கில் முதலில் காட்டிக்கொடுப்பது தாடியும் முடியும்தான், பிறகு ஜன்னல் வெளிச்சம்.

முதல்வெட்டு:

தலைவராக நடிப்பவர் பல வருடம் மேடையில் இருந்தவர், வயதிலும் என்னைவிட மூத்தவர். புருவத்தைப் பற்றி அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

ஒத்திகைக்கூடம்:

அப்படியென்றால் அது கெட்ட பழக்கம் இல்லை, மேடைத் திறமை. மேடையில் சிரிப்பு எழுந்தால் அடுத்த வசனம் அதில் மூழ்கிவிடும், அதனால் நடிகர் நின்று இடம் கொடுத்தே ஆக வேண்டும். அவர் வராத சிரிப்புக்கு இடம் கொடுக்கிறார். இதை அப்படியே மரியாதையாகச் சொல்லுங்கள், முதல் நாளுக்கு முன் தனியாக, மற்ற நடிகர்கள் இல்லாத இடத்தில். ‘ஐயா, சிரிப்புக்கு இடம் விடுறதை எடிட்ல நாங்க பார்த்துக்கிறோம். நீங்க நிக்காம அடுத்த வரிக்குப் போயிடுங்க’ என்றால் புரிந்துகொள்வார். புருவம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் டேக் முழுக்க அவர் நெற்றியைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். பழைய ரஷ்ஷையும் போட்டுக்காட்ட வேண்டாம்.

அவர் வசனம் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் அடுத்தவரை உடனே உள்ளே வரச்சொல்லி வையுங்கள். நிற்க இடமில்லாவிட்டால் நிற்க மாட்டார்.