ஏபிஎஸ் வண்டில ஸ்பீட் சென்சார கழட்டினா லைட் எரியுமா?

கேள்வி: முன் வீல கழட்டி டயர் மாத்தணும், சென்சாரும் வெளிய வரணும். மீட்டர்ல ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) லைட்டோ செக் என்ஜின் லைட்டோ வராம எப்படிங்க பண்றது?

பதில் 1: சாவி ஆஃப்ல இருக்கணும், அதான் முக்கியம். கனெக்டர பிடுங்கவே வேணாம் ப்ரோ, சென்சார் போல்ட்ட மட்டும் கழட்டி ஒயரோட ஃபோர்க்ல கட்டி விட்டுடுங்க, ஒயர் இழுபடாம பாத்துக்கோங்க. கனெக்டர கழட்டிட்டு சாவி போட்டா ஃபால்ட் கோடு (வண்டியோட கம்ப்யூட்டர்ல கோளாறு குறியீடு) பதிவாயிடும்.

பதில் 2: மாட்டும்போது டோன் ரிங்க (வீலோட சேந்து சுத்துற வளையம், அத வெச்சுதான் சென்சார் வேகத்த படிக்கும்) நல்லா தொடைங்க. சென்சார் முனைல இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், அதையும் எடுங்க. சென்சாருக்கு வாஷர் இருந்தா அதே எடத்துல போடணும், சென்சாருக்கும் ரிங்குக்கும் இடைவெளி மாறினா ரீடிங் தப்பாகும். இன்னொன்னு, சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு கியர்ல பின் வீல மட்டும் சுத்த விட்டாலும் ஏபிஎஸ் லைட் வரும், ரெண்டு வீல் வேகமும் ஒத்துப்போகலல்ல.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. மாட்டுன அப்புறம் சாவி போட்டா லைட் எரியுதே?

பதில் 1: அது நார்மல், வண்டி கொஞ்சம் உருண்டதும் அணையும். ஓட்டியும் அணையலன்னா ஸ்கேனர்ல கோடு பாக்கணும். அதுவரை ஏபிஎஸ் வேல செய்யாது, சாதா பிரேக்தான், மழைல பாத்து ஓட்டுங்க. சென்சார் இல்லாம லைட்ட மட்டும் அணைக்கற வேலைக்கு மட்டும் போயிடாதீங்க, உயிர் சம்பந்தப்பட்டது.