ஊசியா, அழிப்பா: முடிவெடுக்கும் மேசையருகே கண்டவை

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

கால்நடைகளுக்குத் தொற்றுநோய் வந்தால் தடுப்பூசி போடுவதா, மந்தைகளை அழிப்பதா? நோய் எவ்வளவு கொடியதோ அதற்கேற்ற நடவடிக்கையை அரசு எடுக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். நோய்க் கட்டுப்பாட்டுக் கூட்டங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த நான் அப்படி நடந்து பார்த்தது குறைவு.

ஒரு பயிற்சிப் பட்டறையில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பரவும் வேகம், செலவு, ஏற்றுமதி, விலங்குகள் படும் துன்பம், மக்களின் எதிர்ப்பு என்று அதில் தலைப்புகள். நூறு மதிப்பெண்ணை அவற்றுக்குள் பங்கிட வேண்டும். மருத்துவர்கள் நாங்கள் பரவலைத் தடுப்பதற்கே பெரும்பங்கை அள்ளிக் கொடுத்தோம். நிதித்துறைக்காரர் செலவுக்குக் கொடுத்தார். வணிகத்துறையிலிருந்து வந்த அம்மையார் பேனாவையே திறக்கவில்லை. "சந்தை மறுபடி திறக்க எத்தனை மாதம் ஆகும்? அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் அந்த அறையில் விதிப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

கோமாரி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியே போடாமல் நோயற்ற நாடு என்ற, ஏற்றுமதிச் சந்தையைத் திறந்துவைக்கும் தகுதியோடு இருந்த ஒரு நாட்டில் நோய் நுழைந்துவிட்டது. நோய்கண்ட மந்தைகளை அழித்து, ஊசியைத் தொடாமல் முடித்தால், கடைசி விலங்கை அழித்ததிலிருந்து மூன்று மாதம் கழித்து அந்தத் தகுதியைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது உலக விலங்கு சுகாதார அமைப்பு. அவசரமாக ஊசி போட்டு, ஊசி போட்டவற்றையும் கொன்றுவிட்டால் அப்போதும் மூன்று மாதம்தான். ஊசி போட்டதை உயிரோடு விட்டால் பொதுவாக ஆறு மாதம். நான் பார்த்த விவாதங்களில் பாதி, இடையில் இருக்கும் அந்த மூன்று மாதத்தைச் சுற்றியே நடந்தன.

2001-இல் நெதர்லாந்தில் நோய் கண்டது 26 இடங்களில். ஊசி போட்டார்கள், போட்ட விலங்குகளைப் பிறகு கொன்றார்கள். மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் போயின. பிரிட்டனில் ஊசியைப் பற்றிப் பேசினார்கள், கடைசிவரை போடவில்லை. அறுபது லட்சத்துக்கும் அதிகமான விலங்குகள் அழிக்கப்பட்டன. பொதுத்தேர்தலே மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனது. நோய்கண்ட பண்ணையை ஒட்டியிருந்த பண்ணைகளையும் அழிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அப்படி அழித்த இடத்தில் பிணங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கன்று உயிரோடு கிடந்தது. பீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். படம் நாளிதழ்களில் வந்ததும் விதி தளர்ந்தது. பரவல் கணக்கில் ஓர் எண்ணும் அதற்காக மாறியிருக்கவில்லை.

அதே ஆண்டு உருகுவேயில் அழிப்பைத் தொடங்கிய அதிகாரிகள், விவசாயிகள் எதிர்த்து நின்றதும் அதை நிறுத்திவிட்டு நாடு முழுக்க மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். செம்மறிகளுக்குப் போடவே இல்லை. சில மாதங்களில் நோய் அடங்கியது. இதைக் கூட்டத்தில் சொன்னால், "அவர்கள் சந்தை வேறு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியில் உண்மையும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

பால் பண்ணை நடத்துபவர்:

டாக்டர் ஐயா சொன்ன தாளில், இழப்பீடு எப்போது கைக்கு வரும் என்ற தலைப்பைக் காணோம். செலவு என்பதற்குள் அடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்களைக் கேட்டால் அது செலவுக் கணக்கே அல்ல, நோயைத் தடுக்கும் வேலையில் சேர்ந்தது.

எங்கள் பண்ணையில் ஒரு சினைப்பசு தீவனத் தொட்டியில் வாய் வைத்துவிட்டு உடனே இழுத்துக்கொண்டது. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. நாக்கைப் பிடித்துப் பார்த்தபோது மேல்தோல் உரிந்து என் கையோடு வந்துவிட்டது. கால்களை மாற்றி மாற்றி வைத்தது. அன்றைக்கே தகவல் சொல்லிவிட்டேன்.

முந்தைய முறை பக்கத்துப் பண்ணைக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய உறவினர் ஒருவரின் மாடுகளை அழித்தபோது இறைச்சி எடைக்கு மதிப்புப் போட்டார்கள். சினையையும் கறவையையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பணத்துக்கும் அவர் நடையாய் நடந்தார். அதைப் பார்த்தவர் என்ன செய்வார்? இரவோடு இரவாக மாடுகளை விற்றுவிட்டார். அறிகுறி தெரிய இரண்டு வாரம்வரை ஆகும் நோய் இது. வாங்கியவருக்கும் தெரியாது, வண்டி ஓட்டியவருக்கும் தெரியாது.

இன்னொன்று. மாடுகள் வெளியே போகக்கூடாது என்று தடை போட்டார்கள், சரி. பாலையும் எடுத்துப் போகவில்லை, கீழே கொட்டினோம். அழித்த மாட்டுக்கு இழப்பீடு உண்டு, கொட்டிய பாலுக்குக் கிடையாது என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான்; எங்களோடு நின்று தேநீர் குடித்தபடியே இதைச் சொன்னார்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்:

ஊசி போட்டதை ஏன் கொல்ல வேண்டும் என்ற கேள்வி எங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும். சுத்திகரித்த கோமாரி ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்துபோன மாட்டையும் இரத்தப் பரிசோதனையில் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தச் சோதனை மந்தை அளவில் நம்பத்தக்கது. "இந்த ஒரு மாட்டுக்கு நோய் இல்லை என்று எழுதித் தருவீர்களா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். மாட்டேன் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது, ஊசிக்கு ஆதரவாகப் பேசியவர்களும் அடங்கிவிட்டார்கள்.

மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோயில் (ரிண்டர்பெஸ்ட்) அந்த வசதியும் இருந்ததில்லை. ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியும் நோயால் வந்ததும் சோதனையில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே நோய் ஒழிந்ததை நிரூபிக்க ஊசியை நிறுத்தியே ஆக வேண்டும். 2011-இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவித்தார்களே, அதற்கு முன்னால் நாடு நாடாக யாரோ அந்த நிறுத்த ஆணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு மேலிருந்த ஒருவர் அந்தக் காலத்து ஆள். "போட்டுக்கொண்டே இருந்தால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. நிறுத்திய பிறகு ஒரு மாடு செத்தாலும் என் பெயர்தான் வரும்" என்பார். கண்காணிப்புக்குத் தனியாகப் பணமும் ஆளும் ஒதுக்கிய உத்தரவு வந்து சேரும்வரை அந்த ஆணைக்கான கோப்பினை இழுப்பறையிலேயே வைத்திருந்தாராம்.